மேல்குறி எழுத்துகள்: எங்கள் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் தட்டச்சு வேலையும் அச்சு வேலையும் செய்யும் சிறிய கடை எங்களுடையது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல், காலணி நிறுவனங்களின் ஏற்றுமதிக் காகிதங்கள் வரும். ஜெர்மன் படித்துக்கொண்டிருக்கும் செவிலியர்களின் விண்ணப்பங்கள் வரும். பழைய வட ஆற்காடு மாவட்டத்துக் கல்வெட்டுகளை ஆராய்கிறவர்களின் ஆய்வேடுகள் வரும். மூன்று தரப்பாரும் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்: தலையிலோ காலிலோ குறி போட்ட இலத்தீன் எழுத்துகள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதிவைக்கிறேன்.

முதலில் ஓர் ஏற்பாடு. அந்த எழுத்துகளின் உருவத்தை இங்கே அச்சிடவில்லை. ஏ, இ, ஐ, ஓ, யூ என்று ஆங்கில எழுத்தின் பெயரையும், அதற்குக் கணினியில் உள்ள எண்ணையும்தான் சொல்கிறேன். நகல் எடுத்து ஒட்டும்போது உருவம் உடையலாம், எண் உடையாது. குறிகளுக்குக் கடையில் நாங்கள் வைத்திருக்கும் பெயர்கள் இவை: வலப்பக்கம் மேலேறும் கோடு வலச்சாய்வு, இடப்பக்கம் மேலேறுவது இடச்சாய்வு, கூரை போல இருப்பது தொப்பி. இரட்டைப் புள்ளி, அலைக்கோடு, நெடிலுக்கு இடும் மேற்கோடு, பிரெஞ்சு சி-யின் அடியில் தொங்கும் வால் ஆகியவற்றுக்கு விளக்கம் தேவையில்லை.

குறி வெறும் அலங்காரம்தானே? விட்டுவிட்டு அடித்தால் என்ன?

'பல்' என்பதில் புள்ளியை விட்டுவிட்டால் 'பல' ஆகிவிடும். அது அலங்காரமா? ஜெர்மன் மொழியில் 'ட்ருக்கன்' என்றால் அச்சிடுதல். அதே சொல்லில் யூவின் மேல் இரட்டைப் புள்ளி வைத்தால் அழுத்துதல். ஸ்பானிய மொழியில் 'ஆண்டு' என்ற சொல்லில் என்-மேல் உள்ள அலைக்கோடு போனால் மிஞ்சுவது ஆசனவாய். 'எனக்கு வயது முப்பது' என்று ஸ்பானிய மொழியில் தன்விவரம் எழுதுகிறவர் இதைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம்.

வேறு வழியே இல்லையென்றால் ஜெர்மனுக்கு மட்டும் ஒரு மாற்று உண்டு. இரட்டைப் புள்ளி போட்ட ஏ, ஓ, யூ ஆகியவற்றைப் புள்ளியின்றி எழுதி, அடுத்து ஓர் இ சேர்க்கலாம். ஜெர்மன் கடவுச்சீட்டில் இயந்திரம் படிக்கும் கீழ்வரிகளில் இப்படித்தான் இருக்கும். இதைப் பார்த்துவிட்டு மற்ற மொழிகளுக்கும் இ சேர்த்துவிடாதீர்கள். போர்ச்சுகலில் காலணித் தொழிலுக்குப் பெயர்போன சாவ் ஜுவாவ் த மதைரா என்ற ஊரின் பெயரில் இரண்டு இடத்தில் ஏ-வின் மேல் அலைக்கோடு வரும். அங்கே இ சேர்த்தால் அது பிழைதான். குறியைப் போட முடியாவிட்டால் வெறும் ஏ-வோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கணினி இந்த எழுத்துகளை எப்படி வைத்துக்கொள்கிறது?

எண்ணாக. எழுத்து என்ற ஒன்று கணினிக்குள் கிடையாது. எண்ணும், எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையும்தான் இருக்கின்றன. எங்கள் கடைக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, எழுதியவர் ஓர் அட்டவணையையும் படிப்பவர் வேறோர் அட்டவணையையும் வைத்துக்கொள்வதால் வருபவை.

1963-இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி அட்டவணையில் 128 இடங்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். விசைப்பலகையில் அலைக்கோடும் தொப்பியும் இடச்சாய்வும் எழுத்தில்லாமல் தனியே உட்கார்ந்திருப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். எழுத்தை அடித்து, ஓரிடம் பின்னால் வந்து, அதன் மேலேயே குறியை அடிக்கலாம் என்ற எண்ணமும் அவற்றைச் சேர்த்ததற்கு ஒரு காரணம். காகிதத்தில் அது நடக்கும். திரையில் இரண்டாவது எழுத்து முதலாவதை அழித்துவிடும் என்பதால் அந்த எண்ணம் அத்தோடு போயிற்று. விசைகள் மட்டும் நின்றுவிட்டன.

கணினி நினைவின் அடிப்படை அலகான ஒரு பைட்டில் 256 எண்கள் அடங்கும். ஆஸ்கி போக மீதி 128 இடங்கள் காலி. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காக அவற்றை நிரப்பிய ஐஎஸ்ஓ 8859-1 என்ற தரம் 1987-இல் வந்தது. அதில் வலச்சாய்வு போட்ட இ-க்கு 233. ஆனால் அதே 233 கிரேக்க அட்டவணையில் இயோட்டா, ரஷ்ய அட்டவணையில் 'ஷ்ச்' என்ற ஒலிக்கான எழுத்து. ஒரே கதவு எண், வெவ்வேறு தெரு.

தெருப் பெயரையும் சேர்த்து, உலகம் முழுவதற்கும் ஒரே எண்வரிசை கொடுத்தது 1991-இல் முதல் பதிப்பு கண்ட யூனிகோட். அதன் முதல் 256 இடங்கள் மேற்சொன்ன மேற்கு ஐரோப்பிய அட்டவணையின் நகல். ஆகவே அந்த இ இன்றும் 233-தான். தமிழுக்கு 2944 முதல் 3071 வரை இடம். இந்தப் பெரிய எண்களைப் பைட்டுகளாகப் பிரித்து எழுதும் யூடிஎஃப்-8 முறையை 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் ஓர் உணவகத்தில், தட்டுக்கடியில் விரிக்கும் காகிதத்தில் வரைந்து பார்த்தார்கள். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், ஐரோப்பியக் குறி எழுத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு, தமிழுக்கு மூன்று. நம் ஊரின் பெயரை மேற்கோடுகளோடு இலத்தீன் எழுத்தில் எழுதினால் ஏழு பைட். 'வேலூர்' என்று தமிழில் எழுதினால் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனி எண்ணாவதால் ஆறு எண்கள், பதினெட்டு பைட்.

பழைய குறுந்தகட்டில் இருந்த தமிழ்க் கோப்பைத் திறந்தால் முழுக்கப் பிரெஞ்சு போலத் தெரிகிறதே?

அது பிரெஞ்சு இல்லை; உங்கள் அக்காவின் திருமணப் பத்திரிகை. கடைக்கு வருகிறவர்கள் கேட்பதிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

யூனிகோடுக்கு முன்னால் தமிழ் எழுத்துருக்களைச் செய்தவர்களும் காலியிடம் தேடித்தான் அலைந்தார்கள். சிலர், ஐரோப்பிய மேல்குறி எழுத்துகள் இருந்த அதே மேல் 128 இடங்களில் தமிழைக் குடியேற்றினார்கள். டிஸ்கி அப்படிப்பட்டது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற டேப் முறையும் அப்படித்தான். கோப்புக்குள் இருப்பது எண் மட்டுமே. அதற்குத் தமிழ் உருவம் கொடுத்தது எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினிக்கு அந்த எண்கள் ஐரோப்பிய எழுத்துகளாகவே தெரியும். அதனால்தான் மணமகன் பெயர் முழுக்கத் தொப்பியும் அலைக்கோடுமாக நிற்கிறது. பாமினி எழுத்துரு மட்டும் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்ததால், அதில் அடித்த கோப்பு பொருளற்ற ஆங்கிலமாகத் தெரியும். பார்த்தவுடன் எந்த வகை என்று பிரித்துவிடலாம்: குறிகள் மண்டிக்கிடந்தால் டிஸ்கி, டேப் போன்றவை, வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தால் பாமினி.

கோப்பு கெடவில்லை, பயப்படாதீர்கள். பழைய எழுத்துருவை நிறுவினாலே தமிழ் திரும்பிவிடும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் குறிமுறை மாற்றி (ஓர் அட்டவணையின் எண்களை வேறோர் அட்டவணைக்கு மாற்றும் நிரல்) ஒன்றில் போட்டு யூனிகோடாக்கிக்கொள்ளுங்கள். 2010-இல் தமிழக அரசும் யூனிகோடையே தரமாக ஏற்றுவிட்டது. சேமிக்கும் முன் ஒன்று: அந்த 'பிரெஞ்சை' யாராவது குப்பை என்று நினைத்துச் சுத்தம் செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பையன் அப்படிச் செய்திருக்கிறான். எங்கள் கடைப் பையன்தான்.

ஜெர்மன் முகவரியில் யூ இருக்க வேண்டிய இடத்தில் ¼ வந்திருக்கிறது. இது எப்படி?

இதற்கு நானே பலியானவன். காலணிப் பெட்டிகளில் ஒட்டும் முகவரிச் சீட்டுகளை, வந்த கோப்பை அப்படியே நம்பி அடித்துக்கொடுத்தேன். மியூனிக் நகரின் ஜெர்மன் பெயருக்கு நடுவில் அலைக்கோடு போட்ட பெரிய ஏ-வும் ஒரு காலும் உட்கார்ந்திருந்தன. கால் என்றால் காலணி போடும் கால் இல்லை, ஒன்றில் நான்கில் ஒரு பங்கு. சீட்டு முழுவதையும் என் செலவில் மறுபடியும் அடித்தேன்.

நடந்தது இது. இரட்டைப் புள்ளி யூவின் எண் 252. யூடிஎஃப்-8 அதை 195, 188 என்று இரண்டு பைட்டாக எழுதும். படிக்கும் நிரல் பழைய ஒற்றைப் பைட் அட்டவணையை வைத்திருந்தால் 195-ஐத் தனியாகவும் 188-ஐத் தனியாகவும் படிக்கும். அந்த அட்டவணையில் 195 அலைக்கோடு போட்ட பெரிய ஏ. 188 என்பது ¼. வலச்சாய்வு இ என்றால் 195, 169; ஆகவே அதே ஏ-வும் பக்கத்தில் © சின்னமும் வரும். அந்த அலைக்கோட்டு ஏ அடிக்கடி தலைகாட்டினால், உள்ளே இருப்பது யூடிஎஃப்-8 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

இந்த நிலையில் கோப்பைச் சேமிக்காதீர்கள். சேமித்து மறுபடியும் தவறாகத் திறந்தால் இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். ஒரே ஒரு எழுத்து எட்டுக் குட்டி போட்ட கோப்பும் எங்களிடம் வந்திருக்கிறது.

எக்செலில் திறந்தால்தான் இப்படி ஆகிறது. நோட்பேடில் சரியாக இருக்கிறதே?

காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால், கோப்பின் தலையில் யூடிஎஃப்-8 என்று காட்டும் அடையாளம் இல்லாதபோது எக்செல் பழைய அட்டவணையை எடுத்துக்கொள்ளும். எனவே இரட்டைச் சொடுக்கு வேண்டாம். வெற்றுப் பணித்தாளைத் திறந்து, 'டேட்டா' பட்டியல் வழியே கோப்பைக் கொண்டுவந்து, மூலக் குறிமுறையாக, யூடிஎஃப்-8-ஐக் குறிக்கும் 65001 என்ற எண்ணைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் அனுப்புகிறவராக இருந்தால் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையில் சேமியுங்கள். நோட்பேடு 2019 முதல் யூடிஎஃப்-8-ஐயே இயல்பாக வைத்திருப்பதால் அங்கே தொல்லை குறைவு.

விண்டோஸ் கணினியில் எப்படி அடிப்பது?

வலப்பக்கத்தில் எண்விசைத் தொகுதி இருந்தால், ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே அதில் நான்கு எண்களை அடித்துவிட்டுக் கையை எடுங்கள். வலச்சாய்வு இ 0233. இரட்டைப் புள்ளி ஏ 0228, ஓ 0246, யூ 0252. அலைக்கோட்டு என் 0241, ஏ 0227. வால் போட்ட சி 0231. பெரிய எழுத்து வேண்டுமென்றால் இந்த ஒவ்வொன்றிலும் 32 கழியுங்கள். பெரிய யூ 0220. முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் கணினி இன்னும் பழைய டாஸ் காலத்து அட்டவணையைப் புரட்டும், வேறு ஏதோ எழுத்து வந்து நிற்கும். அந்த அட்டவணையில் வலச்சாய்வு இ-யின் எண் 130. எங்கள் தலைமுறை ஆட்கள் சிலர் இன்றும் 130 என்றே அடிப்பார்கள். அதுவும் வேலை செய்யும்.

மடிக்கணினிகள் பலவற்றில் எண்விசைத் தொகுதி கிடையாது. தினமும் இந்த வேலை செய்கிறவர்கள் எண்களை மனப்பாடம் செய்வதும் வீண். மொழி அமைப்புகளில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் இன்டர்நேஷனல்' என்ற விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒற்றை மேற்கோளை அடித்தால் திரையில் ஒன்றும் நகராது. அடுத்து இ அடித்தால் வலச்சாய்வோடு வரும். இரட்டை மேற்கோளும் யூவும் சேர்ந்தால் இரட்டைப் புள்ளி யூ. அலைக்கோடும் என்னும் சேர்ந்தால் ஸ்பானிய என்.

தமிழ்த் தட்டச்சுப் பொறியில் பழகியவர்களுக்கு இது புதிதே அல்ல. யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது கையாண்ட 'நகரா விசை' இதுதான். குறியை முதலில் அடிப்போம், உருளை நகராது. பிறகு எழுத்து, அப்போது நகரும். பிரெஞ்சுத் தட்டச்சுப் பொறிகளிலும் தொப்பிக்கு இதே ஏற்பாடு. இன்று பட்டதாரிப் பிள்ளைகளுக்கு இதை விளக்க அரைமணி நேரம் ஆகிறது. தட்டச்சு லோயர் தேறிய அம்மாக்களுக்கு அரை நிமிடம்.

ஒரே தொல்லை, மேற்கோள் குறி மட்டும் வேண்டும்போது அது வராது. மேற்கோளை அடித்து இடைவெளி விசையைத் தட்டுங்கள், வரும்.

வேர்டில் மட்டும் வேலை என்றால்?

கண்ட்ரோலையும் ஒற்றை மேற்கோளையும் சேர்த்து அழுத்தி விட்டுவிட்டு, இ அடியுங்கள். வலச்சாய்வு வந்துவிடும். கண்ட்ரோல், ஷிப்ட், முக்காற்புள்ளி மூன்றையும் சேர்த்தால் இரட்டைப் புள்ளி.

கைபேசியில்? ஆப்பிள் கணினியில்?

இரண்டிலும் எழுத்தை அழுத்திப் பிடியுங்கள். குறி போட்ட உறவினர் எல்லாம் வரிசையாக வந்து நிற்பார்கள்.

ஜெர்மன் முகவரியில் 'பி' மாதிரி ஓர் எழுத்து இருக்கிறதே?

அது பி இல்லை, கிரேக்க பீட்டாவும் இல்லை. இரண்டு எஸ்ஸின் வேலையைச் செய்யும் 'எஸ்ஸெட்'. எண் 223. பீட்டாவின் எண் 946. உருவம் ஒத்திருப்பதால் பீட்டாவை ஒட்டி அனுப்புகிறார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அந்த ஊர்க் கணினியில் தேடினால் தெரு கிடைக்காது. தெரு என்ற சொல்லிலேயே இந்த எழுத்து இருப்பதால் ஏற்றுமதிக்காரர்கள் தப்பவே முடியாது. முழுக்கப் பெரிய எழுத்தில் அடிக்கும்போது இரண்டு எஸ் போடுவது வழக்கம். பெரிய எஸ்ஸெட் என்று ஓர் உருவத்தை 2017-இல்தான் ஜெர்மன் எழுத்துமுறை விதிகளில் சேர்த்தார்கள். சுவிட்சர்லாந்தில் எஸ்ஸெட்டே கிடையாது. சூரிச் முகவரிக்கு இரண்டு எஸ்தான்.

ஆய்வேட்டில் தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் தர வேண்டும். எந்தக் குறி எதற்கு?

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி பின்பற்றிய முறையும், 2001-இல் வந்த ஐஎஸ்ஓ 15919 தரமும் இந்த எழுத்துகளில் ஒத்துப்போகின்றன. நெடிலுக்கு மேற்கோடு. ட, ண, ள மூன்றுக்கும் அடியில் புள்ளி. ழ, ற, ன மூன்றுக்கும் அடியில் கோடு. செங்கம் நடுகற்களைப் பற்றி எழுதினாலும் ஆற்காட்டு நவாபுகளைப் பற்றி எழுதினாலும் பெரும்பாலும் வருபவை இவைதான். 'ஆற்காடு' என்ற ஒரே சொல்லில் மூன்று வகையும் வந்துவிடுவதால், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதையே முதல் பயிற்சியாகக் கொடுக்கிறேன்: ஆ-வுக்கும் கா-வுக்கும் மேற்கோடு, ற-வுக்கு அடிக்கோடு, ட-வுக்கு அடிப்புள்ளி.

அடிக்கும் வழி பலருக்குத் தெரியாமல் மூக்குக்குக் கீழேயே இருக்கிறது. விண்டோஸில் 'இங்கிலீஷ் இந்தியா' விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்க ஆல்ட்டோடு ஏ, ஐ, யூ அடித்தால் மேற்கோடு போட்ட நெடில்கள். டி (எஸ்-ஐ அடுத்து வருவது), என் அடித்தால் அடிப்புள்ளி எழுத்துகள். அடிக்கோட்டுக்கு வேர்டில் வேறு வழி: ஆர் அடித்து, ஒட்டினாற்போல் 0331 அடித்து, ஆல்ட்டையும் எக்ஸையும் அழுத்தினால் எண்கள் மறைந்து ஆருக்கு அடியில் கோடு வரும். ழ-வுக்கு எல், ன-வுக்கு என். மேற்கோடு போட்ட ஆங்கில ஏ-வுக்கு (நம் ஆ) 0101, ஆல்ட், எக்ஸ். ஆனால் முன்னால் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்து ஏதேனும் ஒட்டியிருந்தால் வேர்டு அதையும் எண்ணின் பகுதி என்று விழுங்கிவிடும், ஏனென்றால் இந்த முறையில் எண்கள் பதினாறு அடிமானத்தில், அதாவது பத்துக்குப் பதில் பதினாறு இலக்கங்களால் எழுதப்படுகின்றன; அதில் அந்த ஆறு எழுத்துகளும் இலக்கங்கள். அப்போது நான்கு எண்களை மட்டும் தெரிவுசெய்துகொண்டு அழுத்துங்கள்.

கண்ணுக்கு ஒரே சொல். தேடினால் கிடைப்பதில்லையே?

வலச்சாய்வு இ-யை 233 என்று ஒரே எண்ணாகவும் வைக்கலாம். வெறும் இ, அதன் பின்னே 769 என்ற தனிக்குறி என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. யூனிகோட் இரண்டையும் சமம் என்கிறது; எல்லா நிரல்களும் அதைக் கேட்பதில்லை. நான் இப்போது சொல்லிக்கொடுத்த 0331 முறையும் இந்தப் பிரித்து வைக்கும் வகைதான். ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பமைப்பு, கோப்புப் பெயர்களை இப்படிப் பிரித்தே சேமித்தது.

நம் எழுத்திலும் இதே கதை உண்டு. 'கொ' என்பதில் கொம்பும் காலும் சேர்ந்த குறிக்கு 3018 என்ற ஒற்றை எண் இருக்கிறது. கொம்புக்கு 3014, காலுக்கு 3006 என்று இரண்டாக அடித்தாலும் அதே 'கொ'. ஆய்வேட்டை முடித்ததும், எல்லாவற்றையும் சேர்த்த வடிவுக்கு மாற்றும் நிரல் ஒன்றில் ஒருமுறை போட்டு எடுங்கள். சொல்லடைவு தயாரிக்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

எழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டம் வருகிறது?

எண் சரியாக இருக்கிறது, எழுத்துருவில் உருவம் இல்லை. எழுத்துருவை மாற்றுங்கள். இந்தக் கட்டத்துக்கு 'டோஃபு' என்று செல்லப்பெயர். அது வரக்கூடாது என்பதற்காகவே கூகுள் தன் எழுத்துருக் குடும்பத்துக்கு 'நோட்டோ' என்று பெயர் வைத்தது.

குறுஞ்செய்தியில் ஒரே ஒரு குறி சேர்த்ததும் கட்டணம் கூடுகிறது, ஏன்?

குறுஞ்செய்திக்கென்று தனிச் சிறு அட்டவணை உண்டு. அதற்குள் அடங்கினால் ஒரு செய்தியில் 160 எழுத்துகள். ஜெர்மன் இரட்டைப் புள்ளிகள் அதில் இருக்கின்றன, தொப்பி போட்ட இ இல்லை. வெளியிலிருந்து ஓர் எழுத்து நுழைந்தாலும் செய்தி முழுவதும் பெரிய குறிமுறைக்கு மாறி, 70 எழுத்துக்குச் சுருங்கிவிடும். தமிழ்ச் செய்திக்கு வழக்கமாக அந்த 70-தான்.

கடவுச்சொல்லில் இந்த எழுத்துகளைப் போடலாமா?

போடலாம். வேறொரு விசைப்பலகைக்கு முன்னால் அதை அடிக்க நேரும் நாளில் என்னை அழைக்காதீர்கள்.

எல்லா இடத்திலும் கேள்விக்குறியாக இருக்கும் கோப்பு ஒன்று வந்திருக்கிறது. சரிசெய்துதர முடியுமா?

¼, © என்று குழம்பியிருந்தால் எண்கள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, மீட்டுவிடலாம். வெறும் கேள்விக்குறி என்றால் முடியாது. தன் அட்டவணையில் இடமில்லாத எழுத்தைக் கண்ட ஏதோ ஒரு நிரல், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கேள்விக்குறியின் எண்ணான 63-ஐ அங்கே எழுதிவைத்துவிட்டது. இரட்டைப் புள்ளி ஓ-வாக இருந்தாலும் நம் ழகரமாக இருந்தாலும் எல்லாம் இப்போது அதே 63. அனுப்பியவரைக் கூப்பிட்டு மூலக் கோப்பையே கேளுங்கள். அதை மின்னஞ்சலில் இணைப்பாக வாங்குங்கள், செய்திக்குள் ஒட்டி அனுப்பச் சொல்லாதீர்கள்.